ஐம்பது வயது, ஐம்பது கிலோ

கொழுந்தனுக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றாலும் சரி, ஜோக்காக உதிர்த்துக்கொண்டே இருப்பான். அன்று காலை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குள் காலெடுத்து வைத்ததிலிருந்து அவன் வாயை மூடவே இல்லை. அவனுக்கு அண்ணன் மனைவியும் சம்பளம் கொடுக்கும் முதலாளியுமான துப்பறியும் அம்மாள், அதாவது அண்ணி, அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கவலையில் இருந்தாள்.

கவலைப்படாமல் என்ன செய்வது? மூன்றாம் மாடி முதியோர் வார்டில், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி அளவு மிஞ்சிப்போய், ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். அதற்குச் சில நாள் முன்னால் அதே வார்டில் ஒரு கிழவிக்கும் இதே கதி, ஏதோ புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டாள். இரண்டு ஊசியையும் போட்டது ஒரே நர்ஸ். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவளைப் பற்றிய ஃபைலை இன்று மாலை போலீஸிடம் கொடுக்கப்போவதாக ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்ட் சொல்லிவிட்டார். அந்த நர்ஸைக் காப்பாற்றச் சொல்லி அண்ணியிடம் வந்தவர் அவளுடைய புருஷன். இதே ஆஸ்பத்திரியின் புரோகிராமர்.

இப்போது அவர்தான் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி. சட்டைப் பொத்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது. பாவம், மனுஷன் நொந்து நூலாகிப் போயிருக்கிறார் என்று கொழுந்தன் நினைத்தான்.

ஊசி மருந்தின் அளவை நர்ஸ் கணக்குப் போடுவதில்லை. வயதையும் எடையையும் திரையில் போட்டால் கம்ப்யூட்டரே அளவைச் சொல்லிவிடும். எடைக்குத் தகுந்த மருந்து, வயது மிகவும் அதிகமென்றால் அதில் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கு டேட்டாபேஸுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு குட்டி புரோகிராமில் இருந்தது. ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்பார்கள். எந்த வார்டில் எந்தத் திரையிலிருந்து கூப்பிட்டாலும் அது ஒன்றேதான் பதில் சொல்லும், ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. நல்ல ஏற்பாடுதான். கொழுந்தனும் சில வருஷம் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன். மேனேஜரைப் பற்றி அவர் பின்னால் நிற்பது தெரியாமல் ஒரு ஜோக் சொன்னதோடு அந்தப் பிழைப்பு முடிந்தது.

சுவரில் கார்ட்டூன் ஒன்று ஒட்டியிருந்தது. தொந்தி வைத்த ஓர் ஆள், கை நிறைய ஊசி குத்திய தழும்பு, முகம் நிறையச் சிரிப்பு. யார் இந்தப் பெரியவர் என்று அண்ணி கேட்டாள். புரோகிராமர் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். புரோகிராமைச் சோதிக்க வைத்திருக்கும் பொய் நோயாளியாம். வயது ஐம்பது, எடை ஐம்பது. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம் என்று ஆரம்ப காலத்தில் யாரோ அப்படி வைத்துவிட்டுப் போனார்களாம். கம்ப்யூட்டர் பிரிவில் எல்லோருக்கும் அவர் ஐம்பது மாமா. எதை மாற்றினாலும் முதல் ஊசி மாமாவுக்குத்தான்.

"இவ்வளவு ஊசி வாங்கியும் சிரிக்கிறாரே, குடும்பஸ்தரா இருக்கமாட்டார்" என்றான் கொழுந்தன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி விஷயத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டரே தப்பாகச் சொல்லியிருக்குமோ என்பது அவளுடைய சந்தேகம். போட்டுக் காட்டச் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர் வழக்கம்போல மாமாவை எடுக்கப் போனார். புரோகிராமர் கையை நீட்டித் தடுத்தார். "மாமா வேண்டாம். வயசும் எடையும் வேற வேறயா இருக்கிற ஆளாப் போடுங்க. தையல்காரரோடதையே போடலாம்." எண்பத்துநாலு வயது, முப்பத்தொன்பது கிலோ. திரை யோசிக்காமல் பதில் சொன்னது. சின்ன அளவு. தையல்காரருக்குக் கொடுத்திருக்கவேண்டிய, ஆனால் கொடுக்காமல் விட்ட, சரியான அளவு.

கம்ப்யூட்டர் சரி என்றால் தப்பு நர்ஸுடையது. முதலில் எடையைத் தப்பாகப் போட்டு, ஊசியும் போட்டுவிட்டு, பிறகு சத்தமில்லாமல் எடையைத் திருத்திவைத்திருக்கிறாள் என்று சூப்பரின்டெண்ட் சொன்னது உண்மையாகிவிடும். அவளை நிறுத்திய பிறகு வார்டில் ஒரு ஊசிகூடத் தப்பாகப் போகவில்லை, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார்.

வெளியே வந்ததும் அண்ணி நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நடந்தாள். வாசல் பெஞ்சில் தையல்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நர்ஸ் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது, ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பெண் அப்பாவை இரண்டு முறை எடை பார்த்ததாம். முதல் முறை அப்பா செருப்போடு நின்றுவிட்டாராம், கழற்றச் சொல்லி மறுபடியும் பார்த்ததாம்.

"செருப்புக்காக ரெண்டு தடவை எடை பாத்த பொண்ணு எப்படிங்க இப்படி ஒரு தப்பைப் பண்ணும்? எனக்குப் புரியலை. திட்டவும் மனசு வரலை. திட்டாம இருக்கவும் முடியலை."

அண்ணி அவள் தோளில் கை வைத்துவிட்டு வந்தாள். நேராகப் படியிறங்கிக் கேன்டீனுக்குப் போனாள்.

கேன்டீனில் டியூட்டி டாக்டர் மாட்டினார். சின்ன வயசுக்காரர், டீயைக் குடிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே தூங்குகிற ரகம். இந்த ஊசி விஷயத்தில் வேறு ஏதாவது வினோதமாகப் பார்த்தீர்களா என்று அண்ணி கேட்டாள். தப்பாக அதிகம் போனது அந்த இரண்டுதான் என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, குறைச்சலாக ஒன்று வந்தது, அது கணக்கில் சேருமா என்று கேட்டார்.

சேராமல் என்ன? முதல் மாடி எலும்பு முறிவு வார்டில் பளு தூக்கும் பையன் ஒருவன், கால் உடைந்து வந்தவன். வயது இருபத்துநாலு, எடை தொண்ணூற்றெட்டு. அவனுக்குக் கம்ப்யூட்டர் சொன்ன அளவைப் பார்த்து டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். குழந்தைக்குப் போடுகிற அளவு. யாரோ எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் தன் கையாலேயே திருத்தி எழுதிவிட்டார். அதோடு மறந்தும்விட்டார். அந்த வார்டுக்கும் நம் நர்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

அண்ணி பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினாள். வயது எண்பத்துநாலு, எடை முப்பத்தொன்பது. வயது இருபத்துநாலு, எடை தொண்ணூற்றெட்டு. எழுதிய கையைக் கொழுந்தன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஒல்லிக் கிழவருக்கு அதிகம். குண்டுப் பையனுக்குக் கொஞ்சம். ஏன்டா?"

கொழுந்தன் பார்த்தான். "ஏன்னா, கம்ப்யூட்டர் கண்ணுக்குக் கிழவர் குண்டா இருந்திருக்கார், பையன் ஒல்லி..." என்று விளையாட்டாக ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். அவன் முகம் வெளுத்தது. "அண்ணி. வயசு எடையாவும் எடை வயசாவும் போயிருக்கு. தையல்காரரை எண்பத்துநாலு கிலோன்னு நினைச்சு மருந்து சொல்லியிருக்கு."

அப்படியானால் முதியோர் வார்டில் மட்டும் ஏன் ஆபத்து வந்தது? கிழவர்களுக்குத்தான் வயது எடையை மிஞ்சும். வயதும் எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறவர்களுக்கு எதை எதோடு மாற்றினாலும் பெரிய வித்தியாசம் வராது. ஐம்பது மாமாவுக்கு வரவே வராது. மாமா ஆயிரம் ஊசி போட்டுக்கொண்டாலும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். சுவரில் பார்த்த அந்தச் சிரிப்பு இப்போது கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் காலையில் அவர்கள் கண்ணெதிரேயே சரியாக வந்ததே? அதைக் கேட்டான். நர்ஸ் போனதும் தப்பு நின்றுவிட்டதே என்பதையும் கேட்டான்.

"நின்னது அவ போனதாலயா, இல்ல, யாரோ நிறுத்தினதாலயா?" என்றாள் அண்ணி. "இந்த ஆஸ்பத்திரிக்குக் கிளை இருக்குல்ல?"

இருந்தது. ஊரின் மறுகோடியில், ஒரு பெயின்ட் கடைக்கும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கும் நடுவில், இரண்டு மாடிக் கட்டடம். அங்கேயும் அதே புரோகிராம்தான். ஆனால் தலைமை ஆஸ்பத்திரியில் செய்கிற மாற்றம் அங்கே தானாகப் போகாது. காரணம் சொல்லி, சூப்பரின்டெண்டிடம் கையெழுத்து வாங்கித்தான் அனுப்ப வேண்டும். டாக்ஸியில் போகும்போது கொழுந்தன் டிரைவரிடம் மூன்று ஜோக் சொன்னான். டிரைவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

கிளையின் மூத்த சிஸ்டர் அவசரக்காரி. துப்பறிகிறவர்களுக்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வயது எண்பத்துநாலு. எடை முப்பத்தொன்பது. பொத்தானைத் தட்டினாள். திரையில் வந்த அளவைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. காலையில் தலைமை ஆஸ்பத்திரியில் வந்ததைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

"மாடியில ஒரு பாட்டியம்மா இருக்காங்க" என்றாள் சிஸ்டர். "ஒல்லியா இருப்பாங்க. ஊசி ஏத்தி ட்ரேயில வச்சு இப்பத்தான் அனுப்பினேன்."

சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடினாள். மூட்டுவலிக்காரி, படியை இரண்டிரண்டாகத் தாண்டியதைக் கொழுந்தன் பின்னால் ஓடிக்கொண்டே பார்த்தான். மாடியில் கட்டிலோரம் ஒரு நர்ஸ் கிழவியின் சேலையை விலக்கி, வயிற்றில் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் ட்ரேயைப் பிடுங்கிக்கொண்டாள். ஊசி இன்னும் அதில்தான் இருந்தது. கிழவி, ஏன் எனக்கு ஊசி கிடையாதா என்று ஏமாற்றத்தோடு கேட்டாள்.

கொழுந்தன் படிக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். ஜோக் ஒன்றும் வரவில்லை. மறு உத்தரவு வரும்வரை எல்லா அளவையும் கையால் கணக்குப் போடச் சொல்லி சிஸ்டரிடம் உறுதி வாங்கிக்கொண்டு அண்ணி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு. எனக்குப் புரியற மாதிரி."

சொன்னான். போன மாதம் ஆஸ்பத்திரி பழைய டேட்டாபேஸை விட்டுப் புதியதற்கு மாறியதைக் காலையில் பக்கத்து மேஜைக்காரர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஒவ்வொரு டேட்டாபேஸும் தனக்குள் இருக்கும் ப்ரொசீஜரைக் கூப்பிட ஒவ்வொரு முறை வைத்திருக்கும். அதனால் சாதாரணமாக எல்லாத் திரையையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும். ஆனால் இங்கே அது தேவைப்படவில்லை. திரைக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் தூதுவன் மாதிரி ஒரு புரோகிராமை நம் புரோகிராமர் முன்பே எழுதிவைத்திருந்தார். எந்த டேட்டாபேஸ் வந்தாலும் தூதுவன் பார்த்துக்கொள்வான், திரையில் ஒரு வரி மாற்ற வேண்டாம். அதற்காகக் கூட்டம் போட்டு அவருக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

"ரெண்டு டப்பால சாப்பாடு அனுப்புறோம்னு வைங்க அண்ணி. ஒண்ணுல வயசுன்னு எழுதியிருக்கு, இன்னொண்ணுல எடைன்னு எழுதியிருக்கு. பழைய வீட்டுல, அதாவது பழைய டேட்டாபேஸுல, வாங்குறவன் டப்பா மேல எழுதினதைப் படிச்சு, எது யாருக்கோ அவங்களுக்குக் கொடுத்தான். எந்த டப்பா முதல்ல வந்தாலும் கவலையில்லை. புது வீட்டுக்காரன் எழுதினதைப் படிக்கவே மாட்டான். முதல்ல வந்த டப்பா முதல் ஆளுக்கு, ரெண்டாவது டப்பா ரெண்டாவது ஆளுக்கு. படிச்சுக் கொடுப்பான்னா நாம தனியா ஒரு வரி எழுதிச் சொல்லணும். அதைச் சொல்லலை. திரையில வயசு முதல்ல, ப்ரொசீஜர்ல எடை முதல்ல இருந்திருக்கும். முடிஞ்சது கதை. புரோகிராமை எத்தனை பேர் படிச்சாலும் டப்பா மேல பேர் சரியா இருக்கறதைத்தான் பாப்பாங்க. இதுல விழாத ஆளே கிடையாது."

"தலைமை ஆஸ்பத்திரியில மட்டும் அந்த ஒரு வரியை யாரோ எழுதிட்டாங்க."

"ஆமா. யாருக்கும் சொல்லாம."

அண்ணி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் துளியும் இல்லை. காலையில் புரோகிராமர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ஐம்பது மாமா வேண்டாம், வயசும் எடையும் வேற வேறயா இருக்கிற ஆளாப் போடுங்க. அந்த அறையில் எல்லோரும் எப்போதும் முதலில் மாமாவுக்குத்தான் ஊசி போடுவார்கள். பக்கத்து மேஜைக்காரரின் கை தானாகவே மாமாவிடம் போயிற்று.

"மாமாகிட்ட இந்தத் தப்பு தெரியாதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி.

வேலியே பயிரை மேய்ந்த கதை கொழுந்தன் நிறையக் கேட்டிருக்கிறான். வேலியே வந்து, பயிரை யார் மேய்ந்தது என்று கண்டுபிடிக்க ஆள் வைத்ததை இப்போதுதான் கேட்கிறான்.

புரோகிராமரின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், நாலு குடும்பம் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளம். கதவைத் திறந்தது அவர்தான். மாலையில் சூப்பரின்டெண்டிடம் போவதற்காக மனைவியைக் கூட்டிப்போக வந்திருந்தார். உள்ளே நர்ஸ் தன் வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்கு வராதே என்று சொன்ன பிறகும் தினமும் துவைத்து இஸ்திரி போடுகிறாளாம். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருக்கிறது என்றாள். மேஜைமேல் ஒரு டைப் அடித்த தாள் இருந்தது. களைப்பில் எடையைத் தவறாக உள்ளிட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று எழுதி, கீழே அவள் கையெழுத்தும் போட்டிருந்தாள். இப்படி எழுதிக் கொடுத்தால் சிறைக்குப் போகாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவர்தான் டைப் அடித்துக் கொண்டுவந்தாராம்.

அண்ணி அந்தத் தாளைப் படித்தாள். பிறகு புரோகிராமரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஒரு வரியை என்னைக்கு எழுதினீங்க?"

அவர் எந்த வரி என்று கேட்கவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். மனைவியை நிறுத்திய அன்று அவர் உண்மையாகவேதான் அண்ணியிடம் ஓடிவந்தார், அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில்தான் சந்தேகம் தட்டியது. பார்த்தார், கண்டுபிடித்தார், சரிசெய்தார். சரிசெய்யாமல் ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை. வெளியே சொல்லலாம் என்று சூப்பரின்டெண்ட் அறை வாசல்வரை போனார். கதவைத் தட்டக் கை வரவில்லை. நர்ஸ் களைப்பில் செய்த தப்பு என்றால் எச்சரிக்கையோடு போய்விடும். புரோகிராமர் ஆஸ்பத்திரி முழுக்க விஷத்தைப் பரப்பினான் என்றால்? அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டாராம். அவர் அழுதார். பார்க்கக் கொழுந்தனுக்குச் சங்கடமாக இருந்தது.

நர்ஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் முதலில் கேட்டது தன்னைப் பற்றியே இல்லை.

"கிளையில? அங்கயும் இதேதானே ஓடுது?"

அங்கே அனுப்பக் காரணம் எழுத வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். காரணத்தை எழுத அவரால் முடியவில்லை. கிளையில் நிறுத்தியாகிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அண்ணி சொன்னாள். நர்ஸ் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாளாக அந்தக் கையை அவள் நம்பவில்லை. சோறு பிசையும்போதும் சந்தேகம், கதவைப் பூட்டும்போதும் சந்தேகம்.

"தினமும் உன்னைக் கேட்டேன்" என்றாள் அவரிடம். கல்யாணம் ஆன நாளிலிருந்து 'நீங்க' என்று கூப்பிட்டவள். "எடையைச் சரியாத்தான் போட்டேன், ஆனா என் கை தப்பிப்போயிருக்குமான்னு உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லு. இவங்க முன்னாடியே சொல்லு."

"இருக்கலாம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"களைப்புல யாருக்கும் வரும்னு சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்து மேஜைமேலேயே வைத்தாள். உள்ளே போய்ச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்தாள். இஸ்திரிச் சூடு இன்னும் அதில் இருந்திருக்கும். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு அவருக்காக நின்றாள். அவர் எழுந்திருக்க நேரமாயிற்று. கொழுந்தன் போய்க் கை கொடுத்து எழுப்பிவிட்டான்.

"முதல்ல அந்தத் தையல்காரரோட பொண்ணுகிட்ட போறோம்" என்றாள் நர்ஸ். "அதுக்கப்புறம் சூப்பரின்டெண்ட். என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் நீயே சொல்லு. நான் பக்கத்துல நிப்பேன், ஆனா உனக்காகப் பேசமாட்டேன்."